பாதி பயம்

‘மூன்றாவது கேள்விக்குப் பதில் சொன்னது நான் இல்லை.’

கலாவதிக்கு இது தோன்றியபோது அவள் கையில் இரண்டு காபி டம்ளர்கள் இருந்தன. ஒன்று கணவருக்கு, ஒன்று நாத்தனாருக்கு. தறி அறையின் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

‘நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொல்லிவிட்டார். நான் தலையை ஆட்டினேன். அந்தப் பெண்ணும் எழுதிக்கொண்டாள். நான்காவது என்னுடையது. ஐந்தாவது? ஐந்தாவதைச் சொன்னது யார்?’

உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது என்பதைவிட நொண்டியது என்று சொல்லலாம். கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவர், ஊடைநூல் சுற்றிய உடல் நாடாவை வீசினால், பக்கத்தில் இருப்பவர் அதே மூச்சில் கரை நாடாவைக் கொடுத்தாக வேண்டும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தப் பக்கத்து இடம் கலாவதியுடையது. கலியாணசுந்தரம் வீசுவார், இவள் கொடுப்பாள். நடுவில் பேச்சு தேவைப்பட்டதே இல்லை.

ஒரு வாரமாக அந்த இடத்தில் அவருடைய தங்கை சங்கரி உட்கார்ந்திருக்கிறாள்.

எல்லாம் அந்தப் படபடப்பால் வந்தது. ஆவணியில் ஒருநாள், தறியில் இருக்கும்போதே கலாவதிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. கை சில்லிட்டுப் போனது. செத்துவிடப் போகிறோம் என்றே நினைத்தாள். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவைத்தார்கள். மறுபடியும் வந்தது. மறுபடியும் ஈசிஜி. கடைசியில் இதய டாக்டரே, “மாடியில மனநலப் பிரிவு இருக்கு, ஒரு தடவை பேசிட்டுப் போங்கம்மா” என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

போன புதன்கிழமை மாடிக்குப் போனார்கள். பிரியதர்ஷினி என்ற இளம் ஆலோசகர் ஏழு கேள்விகள் கேட்டாள். கடந்த இரண்டு வாரத்தில் பதற்றமாக இருந்ததா, கவலையை நிறுத்த முடியாமல் போனதா, இப்படி. ஒவ்வொன்றுக்கும், இல்லவே இல்லை, சில நாள், பாதி நாளுக்கு மேல், கிட்டத்தட்ட தினமும் என்று ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். பதிலுக்கேற்பப் பூஜ்ஜியத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண். கூட்டிப் பார்த்தால் இருபத்தொன்றுக்குப் பதினேழு வந்தது. அதிகம் என்றாள். அடுத்த வாரமும் இதே அளவு வந்தால் மாத்திரை தொடங்கலாம், அதுவரை கொஞ்சம் ஓய்வாக இருக்கட்டும் என்றார் டாக்டர்.

டாக்டர் சொன்னது ‘கொஞ்சம்’. கலியாணசுந்தரம் அதைத் தறியிலிருந்தே விலக்கிவைப்பது என்று எடுத்துக்கொண்டார். மாத்திரை என்றால் தூக்கம் வரும், தூக்கம் வருகிறவள் தறியில் உட்காரக் கூடாது என்றும் முடிவு செய்துவிட்டார்.

இன்றைக்குத்தான் அந்த அடுத்த புதன்.

“இன்னா அண்ணி, அங்கியே நின்னுட்ட? காபி ஆறிடப் போவுது” என்று சங்கரி கையை நீட்டினாள். “உன் எடத்துல உக்காந்து என் இடுப்பே போச்சி. பதினேழு மார்க்காமே நீ? பத்தாவதுல கணக்குல நான் எடுத்ததே அவ்ளோதான்.”

“அது இருபத்தொண்ணுக்கு, சங்கரி.”

“அப்ப நீ டிஸ்டிங்ஷன்.”

கலாவதிக்குச் சிரிப்பு வந்தது. கலியாணசுந்தரத்துக்கு வரவில்லை.

“சும்மா இருக்க மாட்டியா நீ? அவளுக்குப் படபடப்பு வந்துடப் போவுது.” பிறகு இவள் பக்கம் திரும்பினார். “உக்காரு கலா. ஏன் நின்னுக்கினே இருக்க? வேர்க்குதா உனக்கு?”

“இல்லங்க.”

“மொகம் ஒருமாதிரி இருக்குதே.”

அதுவரை ஒன்றும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவள் தன் நெஞ்சைக் கவனித்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டதைப் போல அது உடனே எழுந்துகொண்டது. டக், டக், டக்.

டம்ளரைக் கழுவுகிற சாக்கில் சங்கரி சமையலறைக்கு வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“அண்ணி, நான் ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்காத. உனக்கு ஒண்ணும் இல்ல. எங்க அண்ணனுக்குத்தான் என்னமோ ஆயிருக்குது. தெருமுனையில ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டா நாடாவ கையில புடிச்சிக்கினே உக்காந்துடறாரு. நேத்து, ‘கலா மூச்சு வுடறாளா, போய் பாத்துட்டு வா’ன்னு தறியிலேருந்து என்ன எழுப்பி அனுப்பினாரு. வந்து பாத்தா நீ கத்திரிக்கா நறுக்கிக்கினு இருக்கற.”

“என்ன சொன்ன அவர்கிட்ட?”

“மூச்சு வுடாம எப்படிண்ணா கத்திரிக்கா நறுக்குவாங்கன்னு கேட்டேன். சிரிக்கவே இல்லியே அந்த மனுஷன்.”

சங்கரி போய்விட்டாள். கலாவதி குழாயை மூடாமல் நின்றாள்.

அவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதில்லை. இரவில் அவர் தூங்குவதில்லை. அவள் முகத்துக்கு நேரே கையை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பார். அவள் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதைப் போலக் கிடப்பாள். அப்படிக் கிடக்கும்போதுதான் தன் இதயத்தின் சத்தத்தை முதன்முதலில் கேட்டாள்.

அது ஆவணியில் தொடங்கவில்லை. அதற்கு முன்பே, ஆடியில் தொடங்கியது.

ஆடியில் கோதண்டபாணி செத்துப்போனார். அடுத்த தெரு. கலியாணசுந்தரத்துடன் ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர். காலையில் தறியில் உட்கார்ந்தவர் அப்படியே தலையைச் சாய்த்துவிட்டார். சாம்பலைக் கரைக்கத் திருமுக்கூடலுக்குப் போனவர்களில் கலியாணசுந்தரமும் ஒருவர். ஈர வேட்டியுடன் திரும்பி வந்தார். ‘தண்ணி நெறைய போவுது’ என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு நண்பனின் பெயரை அவர் எடுத்ததே இல்லை.

கலாவதி குழாயை மூடினாள். ‘ஐந்தாவதும் அவருடையதுதான்’ என்று நினைத்துக்கொண்டாள்.

*

டிவிஎஸ் வண்டியில் போகும்போது அவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

“புடிச்சிக்கினியா?”

“புடிச்சிக்கினுதான் இருக்கறேன். முன்னாடி பாத்து ஓட்டுங்க.”

ராஜ வீதியில் வழக்கமான நெரிசல். கல்யாணப் புடவை எடுக்க வந்த வெளியூர் வேன்கள் பட்டுக்கடை வாசல்களை அடைத்துக்கொண்டு நின்றன. ஒரு வேனிலிருந்து பெண்கள் வரிசையாக இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய சின்னப் பெண் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். அவள்தான் கல்யாணப் பெண்ணாக இருக்க வேண்டும். நம் தறியில் இருக்கும் மாம்பழ நிறம் இவளுக்கு எடுப்பாக இருக்கும் என்று கலாவதி நினைத்தாள். நினைத்துக்கொண்டே போனதில் நெஞ்சைக் கவனிக்க மறந்துபோனாள். அப்படி மறந்தது ஆஸ்பத்திரி வாசலில்தான் அவளுக்கே தெரிந்தது.

மாடிப்படியில் பாதி ஏறியதும் கலியாணசுந்தரம் நின்றார்.

“வண்டிய பூட்டினேனா?”

“பூட்டினீங்க. சாவி உங்க சட்டைப் பையில இருக்குது.”

அவர் பையைத் தொட்டுப் பார்த்தார். சாவி இருந்தது. அது போதவில்லை. “ஒருவாட்டி பாத்துட்டு வந்துடறேன். நீ உள்ள போவாத. நான் வந்த பிற்பாடு ரெண்டு பேரும் போலாம்.”

கலாவதி மாடிக்குப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். கூப்பிட்டார்கள். மாடிப்படியைப் பார்த்தாள். அவர் வரவில்லை. இன்னொரு முறை அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அடுத்து இருந்தவர் எழுந்துகொள்ளத் தயாரானார்.

அவள் எழுந்து தனியாக உள்ளே போனாள்.

பிரியதர்ஷினிக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். முசரவாக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள் என்று போன வாரமே சொல்லியிருந்தாள். மேசைமேல் சாப்பாட்டுப் பையும், அதன் பக்கத்தில் போன வாரத்துத் தாளும் இருந்தன.

“சார் வரலயாம்மா?”

“வண்டி பூட்டியிருக்கான்னு பாக்கப் போயிருக்கார். மேடம், ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கலாமா? போன வாரம் எழுதினத ஒருவாட்டி படிக்கிறீங்களா?”

பிரியதர்ஷினி படித்தாள். பதற்றம், படபடப்பு. கிட்டத்தட்ட தினமும்.

“அது என்து” என்றாள் கலாவதி.

கவலையை நிறுத்தவோ அடக்கவோ முடியாமல் போவது. தினமும்.

“அது அவர்து.”

பிரியதர்ஷினி நிமிர்ந்து பார்த்தாள்.

“பல விஷயங்களைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படறது?”

“அதுவும் அவர்து. அடுத்தது என்து. அதுக்கடுத்தது, ஒரு எடத்துல உக்கார முடியாதது, அவர்து. கடைசில ஏதோ கெட்டது நடக்கப் போவுதுன்னு பயம்னு கேட்டீங்களே, அதுவும் அவர் சொன்னதுதான். நான் தலைய மட்டும் ஆட்டினேன்.”

“ஏம்மா அன்னைக்கே சொல்லல?”

“எனக்கே தெரியல மேடம். தறியில உக்காந்தா அவர் போட்டதும் நான் போடுவேன், நான் போட்டதும் அவர் போடுவார். அப்படியே பழகிடுச்சி. இங்கயும் அப்படியே வந்துட்டுது. நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் அந்தப் பதினேழு எடுத்திருக்கறோம்.”

பிரியதர்ஷினி சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்தித் தாளைத் திரும்பப் பார்த்தாள். “தப்பு என்மேலயும் இருக்குதும்மா. அன்னைக்குக் கூட்டம். ரெண்டு பேர் பேசறத கேட்டுக்கினே ஒருத்தர் பேசின மாதிரி எழுதிட்டேன்.” புதிய தாள் ஒன்றை எடுத்தாள். “இப்ப உங்களோடது மட்டும் சொல்லுங்க. அவசரமே இல்ல.”

சுலபம் என்றுதான் கலாவதி நினைத்தாள்.

முதல் கேள்வி சுலபமாகத்தான் இருந்தது. இரண்டாவதில் நின்றாள். தனக்கென்று என்ன கவலை? வேலைக்குப் போயிருக்கும் மகன் சிவபாலன் சாப்பிட்டானா என்பது கவலையா, பழக்கமா? யாரும் இதுவரை அவளை அப்படித் தனியாக எடுத்துக் கேட்டதில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை. ஒரு அறையில் விளக்கைப் போட்டுவிட்டு, இதில் எது என் பொருள் என்று தேடுவதுபோல இருந்தது.

“மேடம், ராத்திரி அவர் தூங்க மாட்டார். அவர் தூங்கலங்கறத கேட்டுக்கினே நானும் முழிச்சிக்கினு கெடப்பேன். உடம்ப லேசா வுட முடியாது. இது யாருதுன்னு எழுதறது?”

“முழிச்சிக்கினு இருந்தது யாரு?”

“நான்.”

“அப்ப அது உங்களோடதுதான். காரணம் யாரா வேணா இருக்கட்டும்.”

கலாவதி அதை மெதுவாக வாங்கிக்கொண்டாள். “பாதி நாளுக்கு மேல” என்றாள்.

“எரிச்சல், கோவம்?”

“சில நாள். நாளைக்குப் பத்து வாட்டி வேர்க்குதா வேர்க்குதான்னு கேட்டா கோவம் வராதா மேடம்?”

“வரும். எனக்கே வரும்.”

கடைசிக் கேள்விக்கு அவள் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். ஏதோ கெட்டது நடக்கப் போகிறது என்ற பயம். உள்ளே தேடினாள். நிஜமாகவே அது அங்கே இல்லை. அது இருந்த இடத்தில் அவருடைய கை இருந்தது. மூச்சு வருகிறதா என்று பார்க்கும் கை.

“இல்ல மேடம். எனக்கு அது இல்ல.”

கூட்டிப் பார்த்தால் ஒன்பது வந்தது.

“கொறஞ்சிடுச்சா?” என்றாள். குரலில் ஆசை தெரிந்ததில் கூச்சமாக இருந்தது.

“கொறையலம்மா. முன்னாடி சரியா அளக்கல, இப்பதான் அளந்திருக்கறோம். எங்க ஊர்ல கெணத்துல கம்ப வுட்டுப் பாப்பாங்க, தண்ணி எவ்ளோ நிக்குதுன்னு. இதுவும் அப்படித்தான். கம்பு தண்ணிய ஏத்தவும் ஏத்தாது, எறக்கவும் எறக்காது. இந்த ஒம்பதையும் சும்மா வுடக் கூடாது. ஆனா பயப்படற அளவு இல்ல.”

தாளை எடுத்துக்கொண்டு பக்கத்து அறையிலிருந்த டாக்டரிடம் போனாள். கலாவதி மேசை விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். விரல் தானாக நாடாவைப் பிடிக்கும் வாகில் வளைந்திருந்தது.

பிரியதர்ஷினி திரும்பி வந்தாள்.

“இப்ப மாத்திரை வேணாம்னு சொல்லிட்டாரு. வாரா வாரம் வாங்க. மூச்சுப் பயிற்சி சொல்லித் தரேன், படபடப்பு வந்தா என்ன பண்றதுன்னு பேசலாம். தறியில தாராளமா உக்காரலாம். உக்காந்தா உங்களுக்கு நல்லதுதான்.”

கலாவதி தலையை ஆட்டினாள். இந்த முறை அது அவளுடைய தலையாட்டல்.

“அம்மா, மீதி இருக்குதே. அது அவரோடதுன்னா அவர்கிட்ட நான் கேக்கணும். வெளிய இருக்காரா?”

“இருப்பார்.”

“வரச் சொல்லுங்க. ஒருத்தர பாத்துட்டு நானே கூப்பிடறேன்.”

*

கலியாணசுந்தரம் பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் பாதி எழுந்தார்.

“நான் வரதுக்குள்ள போயிட்டியே. என்ன ஆச்சு? மாத்திரையா?”

“மாத்திரை இல்ல. நாளைக்கே தறியில உக்காரலாமாம்.”

அவர் முகம் தளர்ந்தது. அந்த முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்குத் தோன்றியது. ஆடிக்கு முன்னால் அவர் இப்படித்தான் இருந்தார்.

“சங்கரிக்குச் சொல்லணும்” என்றார். “இடுப்பு வலின்னு பொலம்பிக்கினு இருக்கறா.”

“சொல்லலாம். இன்னொன்னு இருக்குது. போன வாரம் எழுதினதுல பாதி உங்களோடதுன்னு சொன்னேன். உங்கள வரச் சொல்றாங்க.”

அவர் கைகளைத் தொடைமேல் தேய்த்துக்கொண்டார். தறியில் நூல் அறுந்தால் அப்படித்தான் செய்வார்.

“எனக்கென்ன இருக்குது? நான் நல்லாத்தான் இருக்கறேன்.”

“கோதண்டபாணி அண்ணன் போனதுலேருந்து நீங்க தூங்கல.”

அந்தப் பெயரைக் கேட்டதும் அவர் மாடிப்படியின் பக்கம் பார்த்தார்.

“பக்கத்துத் தெரு ஆளு கீழ சுகர் மாத்திரை வாங்கறான். பாத்துட்டுத்தான் வந்தேன். என் பேரச் சொல்லி இந்தக் கதவுக்குள்ள கூப்பிட்டா சாயங்காலத்துக்குள்ள நெசவாளர் சங்கத்துக்கே தெரிஞ்சிடும். கலியாணசுந்தரத்துக்கு மூள கொழம்பிடுச்சாம், தறியில கை ஆடுதாம்னு பேசுவானுங்க.”

“என் பேரும் கூப்பிட்டாங்களே.”

“உன் பேரு ஏற்கெனவே ஏறிட்டுது. அதான் சொல்றேன் கலா.” அவர் நெருங்கி உட்கார்ந்தார். குரல் கெஞ்சலாக இறங்கியது. “நீயே உள்ள போயி எனக்கும் சேத்துச் சொல்லிடு. எனக்கு என்னென்ன பண்ணுதுன்னு என்னவிட உனக்குத்தான் தெரியும். உன் பேர்லயே இருக்கட்டும். மாத்திரை குடுத்தா ஆளுக்குப் பாதி சாப்ட்டுக்கலாம். வீட்டுக்குள்ள இருக்கற விஷயம் வீட்டுக்குள்ளயே முடிஞ்சிடும்.”

கலாவதிக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம். இந்த மனிதர் தன்னை ஏமாற்றப் பார்க்கவில்லை. மாத்திரையைக்கூடப் பாதியாக உடைத்துப் பகிர்ந்துகொள்ளத்தான் நினைக்கிறார். அவருக்குத் தெரிந்த வாழ்க்கை அது. பாரத்தையெல்லாம் இரண்டு பேர் பக்கம் பக்கமாக உட்கார்ந்து தூக்குவது.

சொல்லிவிடலாம். அது எவ்வளவு சுலபம். ஏழு கேள்விக்கும் அவருடைய பதில்கள் அவளுக்கு மனப்பாடம். தினமும், தினமும், தினமும். உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்தால் அவர் நிம்மதியாக வண்டியை எடுப்பார். இவள் மறுபடியும் பதினேழு ஆவாள். நாளைக்குத் தறியில் சங்கரி உட்காருவாள். ராத்திரி அந்தக் கை வரும்.

ஆனால் அந்தக் கை எதைத் தேடுகிறது என்று அவளால் சொல்ல முடியுமா? ஆற்றங்கரையில் ஈர வேட்டியுடன் நின்றபோது அவர் என்ன நினைத்தார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மேலே தெரிவதெல்லாம் அவளுக்குத் தெரியும். அடியில் இருப்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

“இல்லங்க” என்றாள். “அத நான் சொல்ல முடியாது.”

“ஏன்? இத்தன நாள் சொல்லலியா?”

“சொன்னேன். அது தப்பாப் போச்சி. அவங்க எனக்கு மாத்திரை குடுத்திருப்பாங்க. நீங்க அப்படியே முழிச்சிக்கினு கெடந்திருப்பீங்க.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கதவு திறந்தது. உள்ளே இருந்தவர் வெளியே வர, பின்னாலேயே பிரியதர்ஷினி எட்டிப் பார்த்தாள். அவள் யார் பெயரையும் சொல்லவில்லை.

“அடுத்தது வரலாம்” என்றாள்.

கலியாணசுந்தரம் மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். நாடாவை வீசிவிட்டு, பக்கத்திலிருந்து கை வருவதற்காகக் காத்திருக்கும் பார்வை. இத்தனை வருடத்தில் அந்தக் கை வராமல் போனதே இல்லை.

கலாவதி பையை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டாள். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து, அதை அவர் பக்கமாக நீட்டினாள்.

அவள் எழுந்திருக்கவில்லை.